ஏரித் தண்ணீரில் வாழும் ஹைட்ரா: எப்போது நல்லது, எப்போது மீன் குஞ்சுக்கு ஆபத்து?

ஏரியில் இருந்து ஒரு பிடி வேலம்பாசியை எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தால், சில மணி நேரம் கழித்து பாட்டிலின் உட்புறத்தில் நூல் பிசிறு போல ஏதோ தொங்குவதைப் பார்க்கலாம். தொட்டால் சட்டென்று சுருங்கி கடுகை விடச் சிறிய புள்ளியாகி விடும். சிறிது நேரத்தில் மறுபடியும் நீளும். இதன் பெயர் ஹைட்ரா. இது புழுவோ பாசியோ பூச்சி முட்டையோ இல்லை, நன்னீரில் வாழும் ஒரு விலங்கு.

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பகுதிகளில் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்களும் வீட்டுத் தொட்டியில் வண்ணமீன் குஞ்சு எடுப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். காரணம் இரண்டு. மீன் நுண்குஞ்சு விட்ட தண்ணீரில் ஹைட்ரா பெருகினால் குஞ்சுகள் குறைந்துகொண்டே போகும், காரணமும் கண்ணில் படாது. இரண்டாவது, இதைக் கண்டு பயந்து குட்டையில் மயில்துத்தமோ பூச்சிமருந்தோ கொட்டினால், ஹைட்ராவால் வரும் நஷ்டத்தை விட மருந்தால் வரும் நஷ்டம் பெரிதாகி விடும். மற்ற இடங்களில் ஹைட்ராவால் விவசாயிக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று காட்டும் ஓர் அடையாளமாகவும் அது உதவும்.

ஹைட்ரா என்றால் என்ன?

நம் கடற்கரை மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனும், கடலடிப் பவளமும், ஹைட்ராவும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. பள்ளிப் புத்தகத்தில் இவற்றைக் குழியுடலிகள் என்று படித்திருப்பீர்கள். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை கடலில் வாழ்கின்றன. நன்னீருக்கு வந்து நிலைத்த சிலவற்றில் ஹைட்ரா ஒன்று.

உடல் அமைப்பு மிக எளிமையானது. ஒரு சிறு குழாயைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அடிமுனை தட்டையாக இருக்கும், அதில் சுரக்கும் பசையால் இலையிலோ கல்லிலோ ஒட்டிக்கொள்ளும். மேல்முனையில் வாய் இருக்கும். வாயைச் சுற்றி நூல் போன்ற உணர்கொம்புகள் இருக்கும். சாதாரணமாக ஐந்து முதல் ஏழு வரை எண்ணலாம், கூடவும் குறையவும் செய்யும். நீட்டிய நிலையில் உடல் சில மில்லிமீட்டரில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கும். உணர்கொம்புகள் அதை விட நீளமாகத் தொங்கும்.

இதற்கு மூளை, இரத்தம், செவுள் எதுவும் கிடையாது. உடல் முழுவதும் வலை போல நரம்பு செல்கள் பரவியுள்ளன. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உடலின் மேற்பரப்பு வழியாகவே எடுத்துக்கொள்கிறது. இதை நினைவில் வையுங்கள். கட்டுப்படுத்தும் முறையைப் பேசும்போது இது முக்கியம்.

நிறத்தைப் பொறுத்தவரை வெளிர் வெள்ளை, பழுப்பு, இளஞ்சிவப்பு எனத் தின்ற இரைக்கு ஏற்ப மாறும். பச்சை ஹைட்ரா என்று தனி இனம் ஒன்று உண்டு. அதன் உடல் செல்களுக்குள் குளோரெல்லா என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கிறது, ஹைட்ரா அதற்கு இடம் கொடுக்கிறது. பயறுவகைச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் இருந்து தழைச்சத்து கொடுப்பது போன்ற ஒரு கூட்டுறவு இது.

இந்திய ஹைட்ராக்களைப் பற்றி விரிவாக எழுதியவர் நெல்சன் அன்னண்டேல். கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், 1911-ல் நன்னீர்ப் பஞ்சுயிரிகள், ஹைட்ரா வகைகள் பற்றிய நூலை வெளியிட்டார். 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. இன்று புனேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹைட்ராவை வளர்த்து ஆய்வு செய்கிறார்கள்.

எங்கே தேட வேண்டும்?

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. ஊசுடு ஏரி பெரியது, அடுத்தது பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. இவை தவிர ஊருக்கு ஊர் குளம், குட்டை, தாங்கல் உண்டு. ஹைட்ரா விரும்பும் இடம் இப்படிப்பட்ட நன்னீர் தான். ஆனால் ஏரி முழுவதும் இருக்காது. கீழ்க்கண்ட இடங்களில் தேடிப் பாருங்கள்.

- அல்லி, தாமரை இலைகளின் அடிப்பக்கம்
- வேலம்பாசி போன்ற நீருக்குள் வளரும் செடிகள்
- ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர்கள்
- நீரில் மூழ்கிய குச்சி, கல், மதகுச் சுவர்
- தண்ணீர் மெதுவாக நகரும் வாய்க்கால் ஓரம்

வெள்ளம் அடித்துப் பாயும் இடத்தில் இதனால் நிற்க முடியாது. சேறு கலங்கி நிற்கும் தண்ணீர், சாக்கடை கலந்து கறுத்து நாறும் தண்ணீர், கடல் உப்பு ஏறிய கழிமுகத் தண்ணீர் ஆகியவற்றிலும் தேட வேண்டாம். போர்த் தண்ணீரில் நேரடியாக ஹைட்ரா வராது. ஏரி, குளத்தில் இருந்து செடி, வலை, தண்ணீர், மீன் குஞ்சு கொண்டு வரும்போது கூடவே வந்து விடும்.

எந்த மாதத்தில் அதிகம்?

ஹைட்ராவுக்கு இதமான தண்ணீர் வேண்டும். ஏறக்குறைய 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது திணறும். ஆகவே நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, குளிர்ந்திருக்கும் மார்கழி, தை, மாசி மாதங்கள் தான் தேடுவதற்கு ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் குட்டை வற்றிச் சூடாகும்போது கண்ணில் படுவது அரிது. வெயிலில் காணவில்லை என்றால் செத்தொழிந்து விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சேற்றில் அதன் முட்டைகள் இருக்கக்கூடும்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

1. அகன்ற வாய் உள்ள கண்ணாடி பாட்டிலைச் சோப்பு போடாமல் நன்றாகக் கழுவுங்கள்.
2. ஏரித் தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பி, ஒரு பிடி வேலம்பாசி அல்லது ஒரு அல்லி இலைத் துண்டைப் போடுங்கள்.
3. நேர் வெயில் படாத, வெளிச்சம் உள்ள சன்னல் ஓரத்தில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள்.
4. காலையில் பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பாருங்கள். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.
5. ஹைட்ரா வெளிச்சம் வரும் பக்கத்துக்கு மெல்ல நகர்ந்து வந்து சேரும். வைக்கோல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுருங்கினால் ஹைட்ரா, சுருங்காமல் கிடந்தால் வேர் அல்லது பாசி.

வேறு சிலவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தட்டைப்புழு கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே ஓடும், உணர்கொம்பு இருக்காது. சிவப்பாக நெளிவது மண்புழுவின் சிறு உறவான டியூபிஃபெக்ஸ் புழு அல்லது கொசு போன்ற ஒரு பூச்சியின் புழு. அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சி இருக்கும். நத்தை முட்டை வழவழப்பான கட்டியாக ஒட்டியிருக்கும், அசையாது.

இரை பிடிக்கும் முறை

ஹைட்ரா செடியைத் தின்பதில்லை. டாப்னியா என்கிற நீர்த்தெள்ளு, சைக்ளாப்ஸ், சிறு புழுக்கள், அப்போதுதான் பொரித்த கொசுப்புழு போன்றவையே இதன் உணவு. தூண்டில்காரர் போல உணர்கொம்புகளைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும்.

உணர்கொம்பு முழுவதும் கொட்டும் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குமிழ், குமிழுக்குள் சுருட்டி வைத்த நுண்ணிய நூல். இரை உரசியதும் குமிழ் வெடித்து நூல் பாய்ந்து குத்தும். இந்தப் பாய்ச்சல் ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது என்று அளந்திருக்கிறார்கள். சில நூல்கள் விஷத்தைச் செலுத்தும், சில இரையைச் சுற்றிக்கொள்ளும், சில ஒட்டிப் பிடிக்கும். இரை செயலிழந்ததும் உணர்கொம்புகள் சுருங்கி அதை வாய்க்குள் தள்ளும். சக்கையையும் அதே வாய் வழியாகத் துப்பி விடும். இதற்கு வேறு வழி கிடையாது.

இந்த நூல் மனிதத் தோலில் உறைக்காது. ஏரியில் இறங்கிக் குளிப்பவருக்கோ, கழனியில் நாற்று நடுபவருக்கோ ஹைட்ராவால் அரிப்பு வராது. தண்ணீரில் இறங்கிய பிறகு அரிப்பு வந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். மருத்துவரைப் பாருங்கள்.

ஹைட்ரா ஒட்டிய இடத்திலேயே கிடப்பதில்லை. தலையை வளைத்து ஊன்றி, அடியைத் தூக்கி மறுபக்கம் வைத்துக் குட்டிக்கரணம் போட்டு நகரும். சில நேரம் அடியில் காற்றுக் குமிழ் சேர்த்துக்கொண்டு நீரின் மேல் மிதந்து வேறு இடம் போகும்.

பெருகும் விதம்

உணவு நன்றாகக் கிடைக்கும் காலத்தில் ஹைட்ராவுக்கு ஆணும் பெண்ணும் சேர வேண்டிய தேவை இல்லை. தாயின் உடலின் பக்கவாட்டில் ஒரு மொட்டு கிளம்பும். வாழையின் பக்கக்கன்று போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டுக்கு உணர்கொம்பு முளைத்து, வாய் திறந்து, சில நாட்களில் தாயை விட்டுப் பிரிந்து தனியாக ஒட்டிக்கொள்ளும். நல்ல தீனி கிடைத்தால் மூன்று, நான்கு நாட்களில் எண்ணிக்கை இரண்டு மடங்காகி விடும்.

மீன் வளர்ப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கெண்டை நுண்குஞ்சை நாற்றங்கால் குளத்தில் 15 முதல் 20 நாள் வைத்து வளர்க்கிறோம். நான்கு நாளுக்கு ஒரு முறை இரட்டித்தால், முதல் நாள் இருந்த 100 ஹைட்ரா 16-ம் நாளில் 1,600 ஆகும். மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டித்தால் 15-ம் நாளிலேயே 3,200 ஆகி விடும். தொடக்கத்தில் குளம் சுத்தமாக இருந்ததா என்பதே இங்கே பெரிய வித்தியாசம்.

நீரின் வெப்பம் மாறும்போதோ உணவு குறையும்போதோ இனத்துக்கு ஏற்ப விந்தும் முட்டையும் உருவாகும். கருவுற்ற முட்டையைச் சுற்றிக் கெட்டியான உறை உருவாகி, அது அடியில் போய்த் தங்கும். ஹைட்ராவின் உடல் காய்ந்தால் செத்துப் போகும். உறை போட்ட முட்டையோ பாதகமான காலத்தைத் தாண்டி நிற்கும். மழை வந்து தண்ணீர் நின்றதும் மறுபடியும் பொரிக்கும்.

வெட்டினாலும் வளரும்

1740-ல் ஹாலந்து நாட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவர், குளத்துச் செடியில் ஒட்டியிருந்த இந்த உயிர் செடியா விலங்கா என்று தெரியாமல் இரண்டாக வெட்டிப் பார்த்தார். செடியாக இருந்தால் இரண்டு துண்டும் பிழைக்கும், விலங்காக இருந்தால் சாகும் என்பது அவர் கணக்கு. இரண்டும் பிழைத்தன. தலைத் துண்டுக்கு அடியும், அடித் துண்டுக்குத் தலையும் முளைத்தன. ஆனால் அது நகர்ந்தது, இரை தின்றது. விலங்கே தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1744-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும் கிரேக்கக் கதைப் பாம்பின் பெயரே இதற்குப் பிறகு நிலைத்தது.

இழந்த உறுப்பை மீண்டும் வளர்க்கும் இந்தத் திறனுக்குக் காரணம், உடல் முழுக்க ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள். பழைய செல்கள் உதிர, புதியவை நிரப்புகின்றன. அமெரிக்க உயிரியலாளர் டேனியல் மார்ட்டினெஸ் நான்கு ஆண்டுகள் ஹைட்ராக்களைத் தனித்தனியாக வளர்த்துக் கவனித்து, அவற்றில் மூப்பின் அறிகுறி தெரியவில்லை என்று 1998-ல் எழுதினார்.

இதில் நமக்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. தொட்டிச் சுவரைத் தேய்த்து, உதிர்ந்ததை அதே தண்ணீரில் விட்டு வைத்தால் ஹைட்ரா அழியாது. உடல் துண்டுகள் பலவும் சில நாட்களில் முழு ஹைட்ராவாகி விடும். தேய்த்தால் தண்ணீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறது?

ஹைட்ராவின் உடல் இரண்டே செல் அடுக்குகளால் ஆனது. எல்லாச் செல்லும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தண்ணீரில் நஞ்சு கலந்தால் முதலில் பாதிக்கப்படும் உயிர்களில் இதுவும் ஒன்று. செம்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் மிகச் சிறு அளவில் இருந்தாலே பாதிக்கும். அதனால் பல நாட்டு ஆய்வகங்களில் கழிவுநீரைச் சோதிக்க ஹைட்ராவைப் பயன்படுத்துகிறார்கள்.

பாதிப்பு படிப்படியாகத் தெரியும்.

- முதலில் உணர்கொம்புகளின் நுனி குமிழ் போல உருளும்.
- பிறகு உணர்கொம்புகள் குட்டையாகும்.
- அடுத்து உடலும் சுருங்கி, விரியாத பூ மொட்டு போல நிற்கும்.
- கடைசியில் கரைந்து சிதைந்து விடும்.

முதல் இரண்டு நிலையில் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். மொட்டு நிலைக்குப் போனது பிழைப்பது கடினம்.

இதை வைத்து விவசாயி என்ன தெரிந்துகொள்ளலாம்? ஏரி ஓரத்துச் செடியில் நீண்ட உணர்கொம்புகளோடு ஹைட்ரா இருந்தால், அந்த இடத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் ஓரளவு இருக்கிறது, அண்மையில் கடுமையான நஞ்சு கலக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் கிடைத்துவந்த இடத்தில் திடீரென்று ஒன்றுகூட இல்லை, நீர்த்தெள்ளும் இல்லை, நத்தையும் செத்துக் கிடக்கிறது என்றால் மேலே இருக்கும் வாய்க்காலில் என்ன கலந்தது என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஹைட்ரா இல்லை என்பதால் மட்டும் தண்ணீர் கெட்டது என்று சொல்ல முடியாது. வெயில், கலங்கல், இரைக்குறைவு எதுவும் காரணமாக இருக்கலாம். ஹைட்ரா இருப்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்றும் பொருள் இல்லை. வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும் தண்ணீரிலும் ஹைட்ரா வாழும்.

சம்பா, நவரைப் பயிருக்கு மருந்து அடித்த பிறகு சில நாட்கள் வடிமடையை அடைத்து வைத்து, கழனித் தண்ணீர் உடனே வாய்க்காலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிப்பானை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். ஹைட்ராவைக் கொல்லும் மருந்து, அதே தண்ணீரில் இருக்கும் மீனின் தீனியையும் கொல்லும்.

பயிருக்கும் மாட்டுக்கும் கெடுதலா?

நெல் வேரையோ தண்டையோ ஹைட்ரா தொடுவதில்லை. கழனித் தண்ணீரில் இருந்தாலும் பயிருக்குச் சேதம் இல்லை. அசோலாக் குழியில் ஏரித் தண்ணீர் ஊற்றியதால் வந்திருந்தால், அசோலாவையும் அது தின்னாது. வழக்கம் போல அசோலாவை நல்ல தண்ணீரில் அலசி மாட்டுக்குக் கொடுங்கள். சொட்டுநீர்க் குழாயை அடைப்பது பெரும்பாலும் பாசியும் மண்ணும் தான். அதற்கு வடிகட்டியைக் கழுவுவதே வழி.

மீன் வளர்ப்பில் எப்போது சிக்கல்?

பொரித்த சில நாட்களில் வாங்கி வரும் கெண்டை நுண்குஞ்சு 6 முதல் 8 மில்லிமீட்டர் தான் இருக்கும். நீட்டிய ஹைட்ராவும் ஏறக்குறைய அதே நீளம். குஞ்சின் உடம்பில் செதில் உருவாகாத நிலையில் கொட்டும் நூல் பட்டால் போதும். ஹைட்ரா அதை விழுங்காவிட்டாலும் குஞ்சு செத்து விடும். அது மட்டும் இல்லை. நுண்குஞ்சுக்காக நாம் எருவிட்டு வளர்க்கும் நீர்த்தெள்ளையும் ஹைட்ரா தின்று தீர்க்கும்.

குஞ்சு ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்து விட்டால் ஹைட்ராவால் பொதுவாகப் பயம் இல்லை. வளர்ந்த கட்லா, ரோகு, மிருகால் இருக்கும் குட்டையில் ஹைட்ராவைக் கண்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் அடிக்கடி வரும். குஞ்சுக்கு ஆர்டீமியா பொரித்துப் போடும் தொட்டியில் ஹைட்ராவுக்கும் விருந்து தான். மிச்சத் தீனி தங்கும் தொட்டியில் ஒரே வாரத்தில் சுவர் முழுவதும் முளைத்து விடும்.

நாற்றங்கால் குளத்தில் தடுக்கும் முறை

1. நுண்குஞ்சு விடுவதற்கு முன் குளத்தை முழுவதும் வடித்து, அடிமண் வெடிக்கும் வரை வெயிலில் காய விடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும்.
2. ஓரத்துச் செடி, வேலம்பாசி, பழைய இலை, குச்சிகளை வாரி வெளியே போட்டுக் காய வையுங்கள். அடுத்த குளத்தில் போடாதீர்கள்.
3. மண்ணின் கார அமில நிலையைப் பார்த்து ஏக்கருக்கு 80 முதல் 120 கிலோ சுண்ணாம்பு இடுங்கள். ஈரம் தங்கிய பள்ளங்களில் கூடுதலாகத் தூவுங்கள். சுண்ணாம்பு கையாளும்போது கண்ணையும் கையையும் பாதுகாத்துக் கொள்ளுங்கள்.
4. முடிந்த வரை போர்த் தண்ணீரை நிரப்புங்கள். போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் உயரத்தில் இருந்து சிதறி விழும்படி விடுங்கள்.
5. ஏரித் தண்ணீர் தான் என்றால் குழாய் வாயில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டுங்கள். சுருங்கிய ஹைட்ரா ஒரு மில்லிமீட்டரை விடச் சிறியது. கொசுவலை அதைத் தடுக்காது.
6. எருவிட்டு நீர்த்தெள்ளு பெருகியதும் தாமதிக்காமல் நுண்குஞ்சை விடுங்கள். நாள் தள்ளினால் இரை ஹைட்ராவுக்குப் போகும்.
7. குஞ்சு விடும் முன்பு குளத்து ஓரத்தில் இருந்து ஒரு குச்சியையோ இலையையோ எடுத்து பாட்டில் சோதனை செய்து பாருங்கள். ஓர் இரவு வேலை தான். நிறைய ஹைட்ரா இருந்தால் குஞ்சு வாங்குவதைத் தள்ளிப்போட்டுக் குளத்தை மறுபடியும் காய விடுவது மேல்.

நாற்றங்கால் குளத்தில் நீர்ப்பூச்சிகளைக் கொல்ல சோப்பும் எண்ணெயும் கலந்த கரைசல் ஊற்றும் வழக்கம் உண்டு. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் பூச்சிகளை அது மூச்சுத் திணற வைக்கும். ஹைட்ராவோ உடல் வழியாகத் தண்ணீரிலேயே சுவாசிப்பதால் மேலே வராது. ஆகவே அந்தக் கரைசல் ஹைட்ராவுக்கு மருந்து ஆகாது.

தொட்டியில் நீக்கும் முறை

1. மீன்களைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள்.
2. தொட்டியை முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவி, கழுவிய தண்ணீரை மண்ணில் கொட்டுங்கள்.
3. சிமென்ட் தொட்டியாக இருந்தால் கொதிநீர் ஊற்றி அலசலாம். கண்ணாடித் தொட்டியில் கொதிநீர் வேண்டாம், விரிசல் விடும்.
4. இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். வலை, குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கூடவே காய வையுங்கள்.
5. பழைய செடிகளைத் திரும்ப வைக்காதீர்கள். புதுச் செடி வாங்கினால் தனி வாளியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகு போடுங்கள்.
6. தீனியைக் குஞ்சு தின்னும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

குஞ்சை இப்போது மாற்ற முடியாது என்றால், தொட்டியின் மூன்று பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடி, வெளிச்சம் விழும் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தகடை உள்ளே சாய்த்து வையுங்கள். ஹைட்ராக்கள் வெளிச்சத்தை நோக்கி வந்து அதில் ஒட்டும். தினமும் தகடை எடுத்துக் காயவைத்து மறுபடியும் வையுங்கள். முழுவதும் ஒழியாது, ஆனால் எண்ணிக்கை குறையும்.

செய்யக் கூடாதவை

- மயில்துத்தம் கொட்டாதீர்கள். ஹைட்ரா சாகும், கூடவே நீர்த்தெள்ளு, நத்தை, மீன் குஞ்சும் சாகும். செம்பு அடிச்சேற்றில் தங்கி விடும்.
- பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எந்த அளவிலும் குட்டையில் ஊற்றாதீர்கள்.
- மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் குளத்தில் கரைக்காதீர்கள். உண்ணும் மீன் வளரும் தண்ணீர் அது.
- ஏரியில் இருக்கும் ஹைட்ராவை ஒழிக்க முயலாதீர்கள். சில நத்தைகளும் தட்டைப்புழுக்களும் அதைத் தின்று கட்டுக்குள் வைக்கின்றன.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

*ஹைட்ரா கொசுவை ஒழிக்குமா?*
அப்போது பொரித்த சிறு கொசுப்புழுவைப் பிடிக்கும். பெரிய புழுவை அதிகம் பிடிக்காது. கொசுவுக்கு ஹைட்ராவை நம்ப வேண்டாம். தேங்கிய தண்ணீரை வடிப்பதே முதல் வேலை.

*ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடித்தால் ஹைட்ரா வயிற்றுக்குள் வளருமா?*
வளராது. வயிற்றில் அது செத்துச் செரித்து விடும். ஆனாலும் கிருமிக்காகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

*கண்ணில் பட்டதெல்லாம் செத்து விட்டது, மறுபடியும் வந்தது எப்படி?*
அடியில் தங்கிய முட்டை, செடியில் ஒட்டியிருந்த ஒன்று, ஈரவலை இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கும். ஒரு முறை கழுவிய தொட்டியை இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

*குஞ்சு குறைகிறது. ஹைட்ரா தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?*
விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைவு. தவளை, நீர்ப்பாம்பு, நீர்ப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், ஓரத்து இலையிலும் குச்சியிலும் ஹைட்ரா அடர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் தீராவிட்டால் பாட்டிலில் பிடித்த மாதிரியையும் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, மீன்வளத் துறை அலுவலகத்திலோ, குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி ஆலோசனை பெறுங்கள். குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்து விடுவது நல்லது.